ஏரி ஏறும்போது: கரையோர வீட்டையும் படகையும் வெள்ளத்துக்குத் தயார் செய்வது எப்படி

ஆற்று வெள்ளம் ஓரிரவில் வந்து அடித்துக்கொண்டு போகும். சில நாளில் வடிந்தும்விடும். ஏரி வெள்ளத்தின் குணம் வேறு. நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழையெல்லாம் வந்து சேரச் சேர, பல ஏரிகளில் நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்றுதான் மட்டம் உயரும். உயர்ந்த பிறகு வாரக்கணக்கில், பெரிய ஏரிகளில் மாதக்கணக்கில்கூட, இறங்காமல் நிற்கும். அப்படி நிற்கும்போது ஒருநாள் பலத்த காற்று அடித்தால் போதும். படகுத்துறை உடைவதும் படகு மூழ்குவதும் கரை அரிந்து விழுவதும் பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான்.

ஏரிக்கரையில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: அவகாசம் கிடைக்கும். ஆனால் உங்கள் இடத்தில் எந்தப் பொருள் எந்த மட்டத்தில் நனையும் என்ற எண்கள் கையில் இருந்தால்தான் அந்த அவகாசத்தால் பயன். எண்கள் இல்லாதவர்கள் “இன்னும் தூரத்தில்தானே இருக்கிறது” என்று கடைசி நாள்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

முதல் வேலை: மட்டம் எடுப்பது

வெயில் காலத்திலேயே செய்து வைக்கவேண்டிய வேலை இது. ஒரு காலைப்பொழுது போதும். காற்றே இல்லாத நாளாகப் பாருங்கள். அசையாத ஏரிப் பரப்பைவிடச் சரியான மட்டப்பலகை எங்கும் கிடைக்காது. தண்ணீரை ஒட்டியுள்ள பொருள்களுக்கு அளவுநாடா போதும். நீர்ப்பரப்பிலிருந்து நேர் மேலே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு தள்ளி இருந்தால், கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் எடுங்கள். 10 அல்லது 12 மி.மீ. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், 20 மீட்டர் நீளம். வாளித் தண்ணீரை உறிஞ்சி நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். அதனால் வேலையைத் தொடங்குமுன் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் குழாய் சரி.

பிறகு கரையோரம் ஒரு கம்பு நட்டு, ஒரு முனையை அதில் கட்டுங்கள். மறுமுனையை இன்னொருவர் வீட்டுச் சுவரில் பிடிக்கட்டும். குழாய்த் தண்ணீர் அசைவு நின்றதும் இரு பக்கமும் கோடு போடுங்கள். கம்பில் உள்ள கோடு ஏரிப் பரப்பிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் இருந்தால், சுவரில் உள்ள கோடும் அதே 140. வாசற்படி அந்தக் கோட்டுக்கு 25 செ.மீ. கீழே இருந்தால், படி இன்றைய ஏரி மட்டத்துக்கு 115 செ.மீ. மேலே இருக்கிறது என்று அர்த்தம். வீடு மேட்டில் இருந்தால் நடுவில் இன்னொரு கம்பு நட்டு, இரண்டு தவணையாக அளக்கலாம்.

அதே நாளில் ஏரி நிர்வாகம் வெளியிட்ட நீர்மட்ட எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு உங்கள் உயரங்களைக் கூட்டினால் ஒவ்வொரு பொருளுக்கும் அதிகாரபூர்வ மட்டம் கிடைத்துவிடும். பிறகு முன்னறிவிப்பு வரும்போது கணக்குப் போடத் தேவையில்லை. பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

பட்டியலில் கட்டாயம் இருக்கவேண்டியவை: துறைப் பலகையின் அடிப்பக்கம் (அலை முதலில் முட்டுவது அங்கேதான், மேல்பக்கத்தை அளந்து ஏமாறாதீர்கள்), துறையில் உள்ள மின் இணைப்பு, படகு லிஃப்டின் (படகைத் தண்ணீருக்கு மேல் தூக்கி வைக்கும் சாதனம்) மோட்டார், மிதவைத் துறையின் தூண் உச்சி, செப்டிக் டேங்க் மூடி, கிணற்று வாய், வீட்டின் மிகத் தாழ்ந்த பிளக் பாயின்ட், வாசற்படி. கடைசியாக, நீங்கள் வெளியேறும் சாலையின் மிகத் தாழ்வான இடம். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே பல கார்கள் மிதக்கத் தொடங்கும், 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துவிடும். வீடு மேட்டில் இருந்து சாலை பள்ளத்தில் இருந்தால், உங்கள் கெடு சாலையின் எண்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். முன்னறிவிப்பில் வருவது அலையில்லாத நீர்மட்டம். நீண்ட ஏரியில் காற்று ஒரே திசையில் மணிக்கணக்கில் அடித்தால் தண்ணீர் ஒரு முனைக்குத் தள்ளப்பட்டு அங்கே குவியும். வட அமெரிக்காவின் ஈரி ஏரி ஆழம் குறைந்தது, நீளமானது. அங்கே புயல்நாளில் இரு முனைகளுக்கும் இடையே 2 மீட்டருக்கு மேல்கூட மட்ட வேறுபாடு வந்திருக்கிறது. சிறிய ஏரிகளில் இது குறைவு, ஆனால் அலை எங்கும் உண்டு. ஒரு பொருளின் மட்டத்துக்கு 50 செ.மீ. கீழே தண்ணீர் வரும் என்று முன்னறிவிப்பு சொன்னாலே அந்தப் பொருளுக்கான வேலையைத் தொடங்குங்கள். உங்கள் கரைக்கு எதிரே பல கிலோமீட்டர் திறந்த நீர்ப்பரப்பு இருந்தால் அதை ஒரு மீட்டராக்குங்கள்.

மின்சாரம்: தண்ணீர் தொடுமுன் துண்டியுங்கள்

உயிரைப் பறிப்பது இதுதான் என்பதால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறோம். துறைக்குப் போகும் மின்கம்பியில் கசிவு இருந்து அது தண்ணீரில் இறங்கினால், பக்கத்தில் நீந்துகிறவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்கிவிடுவார். கடலைவிட நன்னீரில் இந்த ஆபத்து அதிகம். உப்புநீரை விட மனித உடல் மின்சாரத்தைக் குறைவாகக் கடத்தும். நன்னீரை விடவோ அதிகமாகக் கடத்தும். அதனால் நன்னீரில் மின்னோட்டம் உடல் வழியாகப் பாய்கிறது. 10 மில்லிஆம்பியர் அளவிலேயே தசைக் கட்டுப்பாடு போய்விடும்.

துறைக்கான பிரேக்கரை வீட்டுப் பக்கத்திலேயே அணைத்து, “போடாதே” என்று சீட்டு ஒட்டுங்கள். துறையில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அதுவரை வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். லிஃப்ட் மோட்டார், விளக்குகள், கரையிலிருந்து படகுக்கு மின்சாரம் தரும் கேபிள் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துவாருங்கள். வீட்டின் மெயின் சுவிட்ச் தாழ்வாக இருந்தால், தரை காய்ந்திருக்கும்போதே அணைத்துவிடுங்கள். காலடியில் தண்ணீர் நின்றால் மெயினைத் தொடவே கூடாது. மின்வாரியத்தை அழைத்து வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள்.

படகுத்துறை

தூணில் நிற்கும் நிலையான துறையைத் தண்ணீர் மேலே தூக்கிப் பிடுங்குகிறது. 10 சதுர மீட்டர் பரப்பில் 4 செ.மீ. தடிமனுள்ள மரப்பலகை என்றால் கன அளவு 400 லிட்டர். மரத்தின் எடை அதில் பாதி என்று வைத்தால், முழுக மூழ்கியதும் 200 கிலோ மேல்நோக்கிய விசை ஆணிகளின் மேல் விழுகிறது. அலையின் அடி இதற்கு மேல். ஆணி அடித்த பலகைகள் பிய்ந்து மிதந்து போய் அடுத்தவர் துறையை முட்டும்.

சரியான தீர்வு, பலகைகளைக் கழற்றுவது. துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டிருந்தால் அரை நாள் வேலை. ஒவ்வொரு பலகையிலும் வரிசை எண் எழுதிக்கொண்டு எடுங்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியாவிட்டால் மூன்றில் ஒன்றையாவது எடுங்கள். அந்த இடைவெளி வழியாக அலையின் அழுத்தம் வெளியேறும்.

பாரம் ஏற்றுவது இரண்டாம் பட்சம். 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பிப் பலகைமேல் நிறுத்தினால் ஏறத்தாழ 200 கிலோ அழுத்தம் கிடைக்கும். ஆனால் பீப்பாயின் எந்தப் பகுதி ஏரிக்குள் மூழ்குகிறதோ அந்தப் பகுதியில் உள்ள தண்ணீருக்கு எடையே இல்லை. துறைமேல் 20, 30 செ.மீ. தண்ணீர் வரும் என்றால் பீப்பாய் பயன்படும். பீப்பாயே மூழ்கும் அளவு என்றால் பயனில்லை. கான்கிரீட் கட்டையும் மூழ்கினால் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கும். பீப்பாய்களைக் கயிறு போட்டுத் துறையோடு இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள்.

மிதவைத் துறைக்கு வேறு கணக்கு. அது தண்ணீரோடு ஏறும், ஆனால் தூணின் உச்சிவரைதான். அதற்கு மேல் ஏறினால் வளையங்கள் தூணை விட்டுக் கழன்று, துறை முழுவதும் கட்டியிருக்கும் படகுகளோடு சேர்ந்து மிதந்து போகும். முன்னறிவிப்பு மட்டத்துக்கு மேல் தூண் குறைந்தது 60 செ.மீ. நீண்டிருக்கவேண்டும். இல்லையென்றால் துறையைத் துண்டு துண்டாகப் பிரித்து, காற்று படாத ஒதுங்கிய வளைவுக்கு இழுத்துப் போய்ப் பெரிய மரங்களில் கட்டுங்கள். தூணுக்குப் பதில் அடியில் நங்கூரச் சங்கிலி இருந்தால், மட்டம் ஏற ஏற எல்லா மூலையிலும் ஒரே அளவு சங்கிலி விட்டுக்கொடுக்கவேண்டும். ஒரு மூலையில் மட்டும் விடாமல் போனால் அந்த மூலை தண்ணீருக்குள் இழுக்கப்பட்டுத் துறை சாய்ந்துவிடும். கரையையும் மிதவையையும் இணைக்கும் நடைபாலத்தை, கீல் வளையுமுன் ஒரு முனையில் கழற்றிவிடுங்கள்.

துறைத் துண்டுகள், துடுப்புப் படகுகள், மிதவைகள் எல்லாவற்றிலும் பெயரும் தொலைபேசி எண்ணும் அழியாத பெயின்டில் எழுதுங்கள். வெள்ளம் வடிந்ததும் எதிர்க்கரையில் குவிந்து கிடப்பவற்றில் உங்களுடையது எது என்று காட்ட வேறு வழியில்லை.

படகு

தண்ணீரிலிருந்து எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோவதுதான் முதல் வழி. முடிந்தவர்கள் இதை மட்டும் செய்தால் போதும். சீக்கிரம் செய்யுங்கள்: படகு இறக்கும் சரிவுப்பாதை வீட்டுக்கு முன்பே மூழ்கிவிடும், அங்கே வரிசையும் நீளும். டிரெய்லரை மேட்டில் நிறுத்திச் சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். படகின் அடித்தக்கையைக் கழற்றி, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் தேங்கும். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள திறந்த படகில் 100 மி.மீ. மழை விழுந்தால் 1,200 லிட்டர், அதாவது 1,200 கிலோ. எந்தச் சிறு டிரெய்லரும் அதைத் தாங்காது.

லிஃப்டில் தொங்கும் படகுக்கும் இதே மழைக் கணக்கு உண்டு. அதோடு இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. லிஃப்ட் அதன் உச்சிவரைதான் ஏறும். தண்ணீர் அதைத் தாண்டினால் படகு தொட்டிலை விட்டு மிதந்து, கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே மாட்டி நசுங்கும். லிஃப்டோடு இறுக்கிக் கட்டி வைத்தால் தொட்டிலோடு சேர்ந்து மூழ்கும். உச்சி எண்ணுக்கு அருகில் மட்டம் வரும் என்றால் படகை லிஃப்டில் விட்டுவைக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டிக்குமுன் படகை இறக்கிவிட்டு, காலி லிஃப்டை உச்சிக்கு ஏற்றுங்கள், கூரைத் துணியைக் கழற்றுங்கள்.

படகைத் தண்ணீரிலேயே விடவேண்டிய நிலை வந்தால், எல்லாம் கயிற்றின் நீளத்தில்தான் இருக்கிறது. தூணிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் படகு கட்டியிருக்கிறது, தண்ணீர் 1.5 மீட்டர் ஏறுகிறது என்றால் அந்தக் கயிற்றுக்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. 80 செ.மீ. கூடுதல் இல்லையென்றால் படகின் ஒரு பக்கம் கீழே இழுபட்டுத் தண்ணீர் உள்ளே ஏறும். இதே தூணை 3 மீட்டர் தூரத்தில் வைத்துக் கட்டியிருந்தால் 3.35 மீட்டர் போதும், 35 செ.மீ. கூடுதல்தான். அதனால் பக்கத்துத் தூண்களில் குட்டையாகக் கட்டாமல், தூரத்துத் தூண்களுக்கும் கரை மரங்களுக்கும் நீளமாகக் கட்டுங்கள். குட்டைக் கயிறு நிறைய கட்டினால் பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மூழ்கும் படகுகளில் பல அப்படிக் கட்டியவைதான்.

6 முதல் 8 மீட்டர் படகுக்கு 12 மி.மீ. நைலான் கயிறு வாங்குங்கள். நைலான் இழுபட்டு அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கயிறு, தனித்தனிக் கொக்கியில். படகின் முன்பக்கம் (அணியம்) அலை வரும் திசையைப் பார்த்து நிற்கட்டும். பின்பக்கத்தைக் காட்டினால் எஞ்சின் பக்கத்து விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். விளிம்பில் கயிறு உராயும் இடங்களில் தடித்த கித்தான் துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். ரப்பர் குழாயை மாட்டாதீர்கள். கயிறு இழுபட்டுச் சுருங்கும்போது உள்ளேயே சூடேறும். ரப்பர் குழாய் மறைத்துத் தண்ணீர் படாவிட்டால் அந்தச் சூட்டில் நைலான் இளகி அறும்.

பில்ஜ் பம்பை, அதாவது படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்பை, நம்பி இருக்கவேண்டாம். 4 ஆம்பியர் இழுக்கும் பம்பு, 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 12 மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கிப் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் வாயில் இலை, நூல், கந்தல் இருந்தால் சுத்தம் செய்யுங்கள். பம்பு நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் அதுதான். அடியில் உள்ள வால்வுகளை மூடுங்கள். கூரைத்துணி, மெத்தை, கழற்றக்கூடிய பெட்ரோல் டேங்க், சிறிய அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்விளிம்பில் வெளியே மாட்டுவது), ஆவணங்கள் எல்லாம் கரைக்கு வரட்டும்.

காற்று வந்த பிறகு படகுக்குப் போகாதீர்கள். கயிற்றைச் சரிசெய்யப் போய்ப் படகுக்கும் துறைக்கும் நடுவே நசுங்கி உயிர்விட்டவர்கள் உண்டு.

வீடு

தண்ணீரைத் தடுப்பதா, உள்ளே விடுவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுவருக்கு வெளியே 1 மீட்டர் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரின் மேலும் ஏறத்தாழ 500 கிலோ விசை விழும். 2 மீட்டர் என்றால் 2,000 கிலோ. ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. சாதாரண வீட்டுச் சுவரில் ஒரு மீட்டருக்கு மேல் தடுக்க முயன்றால் சுவரே விழலாம். அந்த அளவு எதிர்பார்த்தால் பொருள்களை மேலே ஏற்றிவிட்டுத் தண்ணீரை உள்ளே வரவிடுவதுதான் வீட்டைக் காப்பாற்றும் வழி. வசிக்காத கீழ்த்தளம், படகுக் கொட்டகை ஆகியவற்றில் எதிரெதிர்ச் சுவர்களில் தரையை ஒட்டித் திறப்புகள் இருக்கவேண்டும். ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஏறத்தாழ 70 சதுர செ.மீ. திறப்பு என்பது நடைமுறைக் கணக்கு.

வாசலில் 30 செ.மீ. வரும் என்றால் மணல் மூட்டை பலன் தரும். 30 மீட்டர் நீளத்துக்கு 30 செ.மீ. உயரம் கட்ட 600 முதல் 800 மூட்டை வேண்டும். 60 செ.மீ. என்றால் 2,000-ஐ ஒட்டிப் போகும். உயரத்தைப் போல் மூன்று மடங்கு அடி அகலம் வேண்டியிருப்பதால் இப்படிக் கூடுகிறது. ஆள் பலமும் மணலும் இருக்கிறதா என்று இந்த எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். அடுக்கும் முறை:

1. மூட்டையைப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்புங்கள். நிறைத்துக் கட்டிய மூட்டை உருண்டையாகி இடுக்கு விடும்.
2. வாயைக் கட்டாமல் மடித்து, மடிப்பு அடியில் வரும்படி வையுங்கள்.
3. செங்கல் போல, மேல் வரிசையின் நடு கீழ் வரிசையின் இணைப்பின் மேல் விழவேண்டும். ஒவ்வொரு மூட்டையையும் காலால் மிதித்துத் தட்டையாக்குங்கள்.
4. ஏரிப் பக்கத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக விரித்து, அடிமுனையைத் தரையில் மூட்டையால் அழுத்துங்கள். இறுக்கி விரித்தால் அலை கிழித்துவிடும்.
5. வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டுங்கள். நடுவே ஊறிவரும் தண்ணீரை இறைக்கச் சிறு பம்பு தேவைப்படும்.

எரிவாயு உருளை நிறைந்திருந்தாலும் மிதக்கும். உள்ளே உள்ள திரவத்தின் எடை தண்ணீரில் பாதிதான். வால்வை மூடி, குழாயைக் கழற்றி, உருளையை மேலே கொண்டுபோங்கள்; முடியாத பெரிய டேங்கைப் பட்டை போட்டு நிலத்தோடு கட்டுங்கள். பெட்ரோல், பெயின்ட், உரம், பூச்சிமருந்து ஆகியவை ஏரியில் கலந்தால் ஊருக்கே கேடு. இவற்றை முதலிலேயே மேல்தளத்துக்கு ஏற்றுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை: வழக்கமான வீட்டுப் பாலிசி பலவற்றில் வெள்ளம் அடங்காது. வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். துறையும் கரைச்சுவரும் விலக்கப்பட்டிருக்கலாம். இன்றே எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு அறையையும் துறையையும் படகையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

செப்டிக் டேங்க்

வெள்ளத்துக்கு முன் டேங்கைக் காலி செய்யலாம் என்று தோன்றும். நிலம் ஊறியிருந்தால் அதைச் செய்யாதீர்கள். காலி டேங்க் மண்ணுக்குள் இருக்கும் படகு. 3,000 லிட்டர் டேங்குக்கு ஏறத்தாழ 3,000 கிலோ மேல்நோக்கிய விசை வரும். பிளாஸ்டிக், ஃபைபர் டேங்குகள் அப்படியே குழாய்களை உடைத்துக்கொண்டு மேலே எழும்பும். மூடியை இறுக்கி அடைத்து, கழிவுநீர் வீட்டுக்குள் பின்னோக்கி வராதபடி தடுப்பு வால்வு போட்டு, டேங்கிலிருந்து வெளியேறும் நீரை உறிஞ்சும் நிலம் மூழ்கியதும் கழிப்பறைப் பயன்பாட்டை நிறுத்துங்கள்.

தண்ணீர் உயர்ந்து நிற்கும்போதும் வடியும்போதும்

உயர்ந்த மட்டத்தில் படகு ஓட்டினால், நீங்கள் கிளப்பும் அலை அடுத்தவர் வாசற்படியில் மோதும். கரைக்கு அருகில் அலை எழும்பாத வேகத்துக்கு மேல் போகாதீர்கள். மூழ்கிய துறைகளும் மிதக்கும் மரக்கட்டைகளும் கண்ணுக்குத் தெரியாது.

கரைச்சுவர்கள் வெள்ளம் ஏறும்போது விழுவதைவிட வடியும்போது விழுவது அதிகம். ஏரி இறங்கியதும் முன்பக்கம் தாங்கிய தண்ணீர் போய்விடும். பின்னால் ஊறிய மண் மட்டும் சுவரைத் தள்ளும். சுவரில் உள்ள கசிவுத் துளைகளை இப்போதே ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மட்டம் இறங்கும் நாட்களில் சுவரின் மேல் வண்டியோ பாரமோ நிறுத்தாதீர்கள்.

நிலவறையில் நிற்கும் தண்ணீரையும் அவசரப்பட்டு இறைக்கக் கூடாது; காரணம் அதேதான். வெளியே தண்ணீர் வடிந்த பிறகு 30 செ.மீ. இறைத்து, சுவரில் கோடு போட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் மட்டம் மீண்டும் ஏறியிருந்தால் நிலம் இன்னும் நிறைந்திருக்கிறது. மேலும் ஒரு நாள் பொறுங்கள். வீட்டுக்குள் ஈரம் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால், வசிக்கும் தளத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். அட்டைச் சுவர்ப் பலகை (ஜிப்சம் போர்டு) ஈரத்தை மேலே உறிஞ்சும். நீர்க்கறைக்கு 30 செ.மீ. மேல்வரை வெட்டி எடுங்கள்.

அவுட்போர்டு எஞ்சின் மூழ்கியிருந்தால் வெளியே எடுத்தவுடன் நேரம் ஓடத் தொடங்கிவிடும். காற்று பட்டதும் துரு பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டரில் உள்ள தண்ணீரைக் கையால் சுற்றி வெளியேற்றி, எண்ணெய் விட்டு, சில மணி நேரத்துக்குள் மெக்கானிக்கிடம் சேர்க்கவேண்டும். உடனே மெக்கானிக் கிடைக்காவிட்டால், நல்ல தண்ணீர் நிறைந்த தொட்டியிலேயே மூழ்கவைத்து வையுங்கள். ஓடிக்கொண்டிருந்தபோது மூழ்கிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. உள்ளே தண்ணீர் அடைபட்டுக் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். டிரெய்லர் சக்கரங்கள் மூழ்கியிருந்தால் பேரிங்கைக் கழற்றிப் புதுக் கிரீஸ் வையுங்கள்.

கிணற்று வாய் மூழ்கியிருந்தால், குளோரின் போட்டுக் கிணற்றையும் குழாய்களையும் கழுவி, பரிசோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். எரிபொருளும் பூச்சிமருந்தும் போகாது. துறையின் மின்சாரத்தை, கேபிள்களையும் பிரேக்கரையும் எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே திரும்பப் போடவேண்டும். அதுவரை யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.